‘முன்னேற்றம் உள்ளது, தொடரலாம்’: ஐ.இ.பி. மறுபார்வையில் பார்க்க வேண்டியவை

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கான பழைய ஐ.இ.பி. ஃபைலைப் புரட்டினால் மறுபார்வைக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: “முன்னேற்றம் உள்ளது. தொடரலாம்.” ஜூனில் எழுதிய இலக்கு அக்டோபரில் அதே சொற்களோடு நிற்கும். ஜனவரியிலும் அப்படியே. மூன்றாம் வகுப்பில் எழுதிய “எழுத்துகளை அறிவார்” ஐந்தாம் வகுப்பு வரை கூடவே ஏறி வந்திருக்கும். கையெழுத்து மட்டும் மாறியிருந்தால், சிறப்பாசிரியர் மாறியிருக்கிறார் என்று அர்த்தம்.

தனிநபர் கல்வித் திட்டம் என்று ஏட்டில் சொல்வதைத்தான் பள்ளிகளிலும் வட்டார வள மையங்களிலும் ஐ.இ.பி. என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16, மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது பள்ளியின் கடமை என்கிறது. கண்காணிப்பது என்றால் கையெழுத்து வாங்குவது இல்லை. மறுபார்வையில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். முதலில், எழுதியது நடந்ததா? அதற்குப் பிறகுதான், நடந்ததால் பிள்ளை நகர்ந்ததா? பெரும்பாலான மேசைகளில் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதைக் கேட்கிறார்கள். பழி பிள்ளை மேல் விழுவது அங்கேதான்.

முதலில் எண்ணிப் பார்ப்பது

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மூன்று பதிவேடுகளை எடுத்து வைக்க வேண்டும்: பிள்ளையின் வருகைப் பதிவேடு, சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்த நாட்களின் பதிவு, பயிற்சித் தாள். திட்டத்தில் “வாரம் இருமுறை, தலா 40 நிமிடம்” என்று இருக்கிறது என்று வையுங்கள். பள்ளி திறந்ததிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை சுமார் 15 வாரம். ஆக 30 அமர்வு நடந்திருக்க வேண்டும். உட்கார்ந்து எண்ணினால் 11 வரும், 14 வரும். ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்கும் வட்டாரத்தில் இது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. முகாம், பயிற்சி, கூட்டம் என்று நாட்கள் கரைகின்றன. ஆனால் 30-ல் 11 நடந்த திட்டத்தின் கீழே “இலக்கு எட்டப்படவில்லை” என்று எழுதுவது தவறு. “பயிற்சி 30-ல் 11 மட்டுமே தரப்பட்டது” என்பதுதான் அங்கே வர வேண்டிய வரி.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். பாதிக்கும் கீழே நடந்திருந்தால் இலக்கைத் தொடாதீர்கள். கால அட்டவணையை மாற்றுங்கள். ஐந்தில் நான்கு பங்கு நடந்தும் பிள்ளை அசையவில்லை என்றால், இலக்கோ கற்பிக்கும் முறையோ பிசகியிருக்கிறது, அதை மாற்றுங்கள். நடுவில் விழுந்தால், விடுபட்ட நாட்கள் எவை என்று பாருங்கள். திங்கள்கிழமைகளே தொடர்ந்து விடுபட்டிருக்கும். அன்று கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அம்மா உதவித்தொகை மனுவோடு போனால், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் பிள்ளையும் கூடவே போகும். அமர்வைப் புதனுக்கு மாற்றினால் தீருகிற பிரச்சினை அது.

வகுப்பாசிரியர் செய்ய வேண்டியவற்றையும் இதேபோல் எண்ண வேண்டும். “முன்வரிசையில் அமர்த்துதல்” என்று திட்டத்தில் இருக்கும். வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் பிள்ளை ஜன்னலோரம் கடைசியில் இருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. போய்ப் பார்க்க வேண்டும்.

அளக்க முடியாத இலக்கு

“வாசிப்பு மேம்படும்.” இதை எப்படி மறுபார்வை செய்வது? மேம்பட்டது என்றும் சொல்லலாம், மேம்படவில்லை என்றும் சொல்லலாம். ஜூனில் இலக்கு எழுதிய நாளிலேயே மறுபார்வை கெட்டுவிட்டது.

தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கிறது என்பது நமக்குத் தெளிவாகவே தெரியும். முதலில், ‘கெ’, ‘கே’, ‘கை’: குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. அடுத்து ‘கொ’, ‘கோ’: குறி எழுத்தின் இருபுறமும் பிளந்து நிற்கிறது. ‘கொடி’யைப் பிள்ளை ‘கெ-ா-டி’ என்று துண்டு துண்டாகப் பார்த்து, ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ வாசிக்கும். பிறகு உகர வரிசை: கு, சு, டு, து, பு என்று எழுத்துக்கேற்ப வடிவம் மாறுகிறது, ‘கி’, ‘சி’ போல ஒரே குறி இல்லை. ஒலி ஒன்றுபோல் கேட்கும் ன-ண-ந, ல-ள-ழ, ர-ற குழப்பம் பெரும்பாலும் எழுதும்போதுதான் வரும். வாசிக்கையில் அது பெரிய தடை இல்லை. இந்த இடங்களில் பிள்ளை எதில் நிற்கிறது என்று சொல்லாத இலக்கு, இலக்கே இல்லை.

மாற்றி எழுதினால் இப்படி வரும்: “ஒகர, ஓகாரக் குறி உள்ள ஈரெழுத்துச் சொற்கள் பத்தில் (கொடி, பொரி, மோர், தோடு போன்றவை) எட்டை, உதவியின்றி, அடுத்தடுத்த மூன்று அமர்வுகளில் சரியாக வாசிப்பார். இப்போதைய நிலை: பத்தில் இரண்டு.” கடைசி வாக்கியம்தான் முக்கியம். தொடக்கநிலை எண் இல்லாவிட்டால் அக்டோபரில் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அதே பத்து அட்டைகளை மூன்று மாதமாகக் காட்டியிருந்தால் பிள்ளை எழுத்தை வாசிக்காது, அட்டையை வாசிக்கும். மூலை மடங்கியது ‘மோர்’, மஞ்சள் கறை பட்டது ‘தோடு’. பத்துக்குப் பத்து வரும். மறுபார்வை நாளன்று புது அட்டையில், பிள்ளை பார்க்காத சொற்களை எழுதிக் காட்டுங்கள்: போர், கோடு, பொடி, சொல். அங்கே வருகிற எண்தான் உண்மையான எண். பத்து நான்காகக் குறைந்தால் மனம் தளர வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் இன்னொரு வழுக்கல் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் வகுப்பு முழுவதற்கும் போட்டவை. “அரும்பு நிலையில் உள்ளார்” என்று ஐ.இ.பி.யில் எழுதி முடித்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் அரும்பிலேயே இருக்கும் பிள்ளை, அந்த அரும்புக்குள்ளேயே ஒரு எழுத்து தெரியாத நிலையிலிருந்து நாற்பது எழுத்து தெரிந்த நிலைக்கு வந்திருக்கலாம். நிலையின் பெயரில் அது தெரியாது.

கணக்கிலும் அதே கதை. அறிவுசார் குறைபாடுள்ள வளரிளம் பிள்ளைக்கு “பணத்தை அறிவார்” என்று எழுதுவதை விட, “20 ரூபாய் நோட்டைக் கொடுத்து 12 ரூபாய்ப் பொருளை வாங்கி, மீதியை எண்ணிப் பார்ப்பார்” என்று எழுதலாம். பிளாஸ்டிக் நாணயம் வேண்டாம். உண்மையான காசு வேண்டும். இப்போது வீட்டில் பெரியவர்கள் ஜிபே-யில் ஸ்கேன் செய்துவிடுவதால் காசு கைமாறுவதையே பிள்ளை பார்ப்பதில்லை. ஆகவே வாரம் இரண்டு நாள் தெருக்கடையில் ரொக்கமாக வாங்க வைப்பதை வீட்டுப் பங்காக எழுதிவிட வேண்டும்.

சரி போட்டால் போதாது

பயிற்சித் தாளில் வரிசையாக ‘சரி’ குறி மட்டும் இருந்தால் அந்தத் தாள் எதற்கும் உதவாது. எவ்வளவு உதவி கொடுத்து அது சரியாக வந்தது? நான்கு எழுத்துகள் போதும்: கைபிடித்துச் செய்ய வைத்தால் ‘கை’, சைகை காட்டினால் ‘சை’, வாயால் சொன்னால் ‘சொ’, தானாகச் செய்தால் ‘தா’. ஒரு அமர்வில் ஐந்து முயற்சி, ஐந்து கட்டம்.

சட்டைப் பட்டன் போடுவதை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் ‘கை, கை, கை, கை, கை’. செப்டம்பரில் ‘சை, சொ, சை, கை, சை’. வெறும் சரி-தவறு கணக்கில் இரண்டு மாதமும் “சுயமாகச் செய்யவில்லை”தான். இந்தத் தாளிலோ பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அம்மாவிடம் காட்டினால் அவருக்கும் புரியும். எதிர்த் திசையிலும் இது உண்மையைச் சொல்லும். நான்கு மாதமாக ‘சொ’விலேயே நிற்கிறது என்றால் பிள்ளை வேலையைக் கற்கவில்லை; நம் குரலுக்குக் காத்திருக்கக் கற்றிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ஐந்து விநாடி காத்திருப்பதே அங்கே தேவையான மாற்றம். கேட்க எளிது, பேசியே பழகிய டீச்சர்களுக்கு இதுதான் ஆகக் கஷ்டம்.

கூட்டம்

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் முதல் பாதியில் ஒன்று, பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் ஒன்று, ஆண்டுத் தேர்வுக்கு முன்பு மார்ச்சில் ஒன்று. மூன்றும் நடந்தால் நல்லது. பொங்கலை ஒட்டி வைக்காதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வாரம் முடிந்து பிள்ளைகள் வழக்கத்துக்குத் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்தக் கூட்டமும் மைக் செட் சத்தமும் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அந்த நாட்களில் எடுத்த அளவு எதையும் காட்டாது.

நேரத்தை அம்மாவைக் கேட்டு வையுங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கு விடியற்காலைதான் வேலை. பதினொரு மணி ஒத்துவரும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு எந்த நேரமும் ஒரு நாள் சம்பளம். அதனால் 45 நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, காத்திருக்க வைக்கவும் கூடாது. வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர் கட்டாயம். ஹெச்.எம். முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் இருந்தால் போதும். பிசியோ (இயன்முறை மருத்துவர்) வர முடியாவிட்டால் முதல் நாளே அவரிடம் எழுதி வாங்கிவிடலாம்.

அம்மாதான் முதலில் பேச வேண்டும். நாம் ஃபைலை வாசித்து முடித்த பிறகு “நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?” என்று கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர்” என்ற பதில்தான் வரும். அதை விட, “வீட்டுல போன மாசம் செய்யாதது இப்ப என்ன செய்றான்?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். “தம்பிய பேரு சொல்லிக் கூப்புடுறான் டீச்சர். ஆனா பாத்ரூமுக்கு இன்னும் கையப் புடிச்சு இழுத்துட்டுத்தான் போறான்.” இந்த ஒரு பதிலில் இரண்டு இலக்குகளுக்கான தகவல் இருக்கிறது. பெயர் சொல்லும் பிள்ளை பள்ளியில் ஏன் வாயே திறப்பதில்லை என்பது அடுத்த கேள்வி.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். எழுதியதைத் தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டி, பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்து. பிள்ளை பேசக்கூடிய வயது என்றால் பத்து நிமிடம் அதையும் உட்கார வையுங்கள். எட்டாம் வகுப்புப் பையன், “எல்லாரும் பாக்கும்போது என்னைய மட்டும் வெளிய கூப்புடாதீங்க” என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரிக்காகவே அட்டவணையை மாற்றலாம்.

கருவி வேலை செய்கிறதா

செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளை “கவனிப்பதில்லை” என்று எழுதும் முன், காதொலிக் கருவியைக் கையில் வாங்கிப் பாருங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் போடும் துத்தநாக-காற்று பட்டன் பேட்டரி, நாள் முழுக்க மாட்டினால் ஒன்று இரண்டு வாரம்தான் வரும். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுத்தான் உள்ளே போட வேண்டும். பலர் உரித்த கையோடு போட்டுவிட்டு, பேட்டரி சரியில்லை என்கிறார்கள். முகாமில் கொடுத்த பேட்டரி தீர்ந்த பிறகு யார் வாங்குவது என்பது திட்டத்தில் எழுதியிருக்காது. எழுத வேண்டும்: யார், எந்தத் தேதியில், எத்தனை. பேட்டரியைப் போலவே, காதுக்குள் பொருத்தும் காது அச்சும். பிள்ளையின் காது வளரும், அச்சு வளராது. தளர்ந்துவிட்டால் ‘கீ’ என்று சத்தம் வரும். பிள்ளை அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் புது அச்சு தேவைப்படும்.

தினமும் காலையில் வகுப்பாசிரியரே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. லிங் ஆறொலிச் சோதனை என்பார்கள். பிள்ளைக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, வாய் தெரியாமல், இயல்பான குரலில் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கேட்டால் பிள்ளை திருப்பிச் சொல்லும், அல்லது ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடும். ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் சொன்னால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போட்டுவிடும். வரிசையையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். நேற்று வரை ‘ஸ்’ கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரி, அடுத்து அச்சில் அழுக்கு, அதன் பிறகுதான் காது. மூன்று மாதச் சோதனைத் தாள் மறுபார்வை மேசையில் இருந்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நாற்காலியைப் பாருங்கள். பாதம் தரையிலோ கால்பலகையிலோ முழுதாகப் பதிகிறதா? தொங்கினால் உடம்பு சரியும். சரியும் உடம்பை நிமிர்த்துவதிலேயே கை மாட்டிக்கொள்ளும். “எழுத மறுக்கிறார்” என்று எழுதிய பிள்ளை, காலுக்கடியில் இரண்டு செங்கல் வைத்து மேலே பலகை போட்டதும் பென்சிலைப் பிடித்துவிடும். குறைபார்வை உள்ள பிள்ளைக்கு எழுத்தின் அளவோடு வெளிச்சமும் முக்கியம். ஜன்னல் வெளிச்சம் விழுந்து கரும்பலகை மினுங்குகிறதா என்று பிள்ளையின் இடத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். கண்ணில் பார்வை எவ்வளவு என்பதை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவு எழுதித் தரும். எத்தனை அடியிலிருந்து பலகை தெரிகிறது என்பதை வகுப்பில்தான் அளக்க முடியும்.

கத்துகிறான், அடிக்கிறான்

நடத்தை பற்றிய பக்கத்தில் பெயரடைகள் வேண்டாம், மணி வேண்டும். எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும். தினமும் பன்னிரண்டேகாலுக்குக் கத்துகிறான் என்று வந்தால், அது சத்துணவுத் தட்டுகளை எடுத்துத் தரையில் போடும் நேரமாக இருக்கும். அவனைப் பத்து நிமிடம் முன்னாலேயே சாப்பிட அனுப்பிப் பாருங்கள். கத்தியதும் வகுப்பை விட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள் என்று வந்தால், வெளியே போகக் கத்த வேண்டும் என்று நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். “வெளியே போகணும்” என்பதற்கு ஒரு அட்டை கொடுத்து, அதைக் காட்டினால் இரண்டு நிமிடம் விடுவதே அங்கே இலக்கு.

வலிப்பு உள்ள பிள்ளையின் ஃபைலில் தனியாக ஒரு தாள் இருக்க வேண்டும். மாத்திரையின் பெயரும் அளவும் ஒவ்வொரு மறுபார்வையிலும் கேட்டுத் திருத்தப்பட வேண்டும். அளவு கூடிய மாதத்தில் பிள்ளை தூங்கி விழுந்தால் அதை ஆர்வக் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்ப்பது. வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கையில் இரும்புச் சாவி கொடுப்பதை எந்தப் பள்ளியிலும் யாராவது ஒருவர் செய்வார். அதனால் “சாவி தேடி ஓட வேண்டாம்” என்றே தாளில் எழுதிவிடுவது நல்லது.

தேர்வும் பள்ளி மாறுதலும்

பொதுத் தேர்வுச் சலுகைகளை, அதாவது கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை, பத்தாம் வகுப்பில் நினைவுக்குக் கொண்டுவந்தால் தாமதம். ஒன்பதாம் வகுப்பு அக்டோபர் மறுபார்வையிலேயே மாற்றுத்திறன் சான்றிதழ் இருக்கிறதா, அதிலுள்ள பிறந்த தேதியும் பெயரும் எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையத் தொகுப்பு) பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அலைய வேண்டியிருக்கும். அதை விட முக்கியம் பழக்கம். சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவது தனித் திறமை. விடையை மனதில் வரிசைப்படுத்தி, நிறுத்தி நிறுத்திச் சொல்லி, “எங்க நிறுத்துனேன், வாசிங்க” என்று கேட்கத் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் மூன்று தேர்வுகளையும் அப்படி எழுதாத பிள்ளைக்குப் பொதுத் தேர்வு அறையில் அந்தக் கூடுதல் மணி நேரம் வீணாகும்.

ஃபைல் தொலைகிற இடம் ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில்தான். ஊர்த் தொடக்கப் பள்ளியில் எல்லாருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியும். பஸ் ஏறிப் போகும் உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்பு மார்ச் மறுபார்வைக்கு ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரையாவது வரவழையுங்கள்; முடியாவிட்டால் போனிலாவது பேசவையுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள், பத்து வரிக்குள். குறைபாட்டின் பெயரும் சதவீதமும் அதில் வேண்டாம். அவை உள்ளே இருக்கின்றன. எந்தப் பக்கம் நின்று பேசினால் கேட்கும், கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், பாத்ரூம் வேண்டும் என்பதை எப்படிக் காட்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், யாரோடு உட்கார்ந்தால் எழுதும், அம்மாவின் போன் எத்தனை மணிக்கு எடுக்கப்படும். அந்தத் தாளின் இரண்டாவது பிரதி அம்மாவின் கையில் இருக்கட்டும். ஜூனில் பள்ளி திறந்த அன்று அவர்தான் முதல் ஆளாக அங்கே நிற்பார்.